சொன்ன வாய் ஒருவருடையது, ஓட்டிய கை இன்னொருவருடையது

நவம்பர் மாதம் பிறந்தால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். "பைலட்டுக்கு இங்கிலீஷ் தெரியாததால் 349 பேர் பலி" என்று தொடங்கும். கீழே எரிகிற விமானத்தின் படம் ஒன்று, வேறேதோ நாட்டில் வேறேதோ விபத்தில் எடுத்தது. அதற்கும் கீழே, பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொல்லி ஓர் அறிவுரை. அனுப்புகிறவர் பெரியப்பா மகன், வந்தவாசியில் இருக்கிறார். "அண்ணே, விஷயம் அவ்வளவு சுலபமில்லை" என்று எழுதிப் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. அதோடு சரி. எனவே அவருக்கு எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, காபி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

திருவண்ணாமலைக்காரனுக்கு விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். எங்கள் ஊரில் விமான நிலையம் இல்லை, உண்மைதான். ஆனால் வரைபடத்தில் சென்னையிலிருந்து கோவைக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மலையை உரசிக்கொண்டு போகும். கொச்சிக்கு இழுத்தாலும் அதே கதைதான். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் தலைக்கு மேலே ஒன்று போய்க்கொண்டிருக்கும். கீழே பௌர்ணமி கூட்டம் மலையைச் சுற்றி நடக்கும், மேலே அது பாட்டுக்கு இது போகும். அந்த விளக்குப் புள்ளிக்குள் இருக்கிறவர் யாரோடோ பேசிக்கொண்டே இருக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரியவைத்தவர், விமானக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, அடி அண்ணாமலை பக்கம் வந்து வீடு கட்டிக்கொண்ட ஒரு பெரியவர். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. சார் என்றே வைத்துக்கொள்வோம்.

சார் சொல்லித்தான் கிளியரன்ஸ் என்பதன் கனம் எனக்குப் புரிந்தது. நாம் அதைக் கட்டளை என்று நினைக்கிறோம். அது ஒரு வாக்கு. "நீ 15,000 அடி வரை இறங்கலாம், அங்கே நில், அதுவரை உன் வழியில் வேறு யாரும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரையில் இருக்கும் கன்ட்ரோலர் கொடுக்கிற வாக்கு. விமானி அதை எண்களோடு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ரீட்பேக் என்பார்கள். அதோடு முடியவில்லை. திருப்பிச் சொன்னதைக் கன்ட்ரோலர் காதுகொடுத்துக் கேட்டு, தப்பாக இருந்தால் அங்கேயே பிடிக்க வேண்டும். உயரம், திசை, வேகம், ஓடுதளத்தில் நுழைவது, ஓடுதளத்தைக் கடப்பது, மேலெழுவது, இறங்குவது என்று உயிர்போகும் விஷயங்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறை கட்டாயம். "ராஜர்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சினிமாவில் ராஜர் என்றால் சரி, ஆகட்டும், அப்படியே செய்கிறேன் என்றெல்லாம் பொருள். உண்மையில் "நீங்கள் பேசியது வந்து சேர்ந்தது" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வானொலி நம் செல்போன் மாதிரி கிடையாது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்கு ஒரு கீச்சொலி கேட்கும், அவ்வளவுதான். பேசியவர்களுக்கோ தாங்கள் பேசியது போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணனின் வாட்ஸ்அப்பில் வரும் 349 பேருக்கு வருவோம்.

1996 நவம்பர் 12. தீபாவளி முடிந்த கையோடு வந்த செவ்வாய்க்கிழமை. டெல்லியிலிருந்து மாலை 6.32க்கு சவூதியா 763 கிளம்புகிறது. போயிங் 747, தஹ்ரான் வழியாக ஜித்தா போக வேண்டியது. 312 பேர். பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போகிற இந்தியர்கள், நேபாளிகளும் இருந்தார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அந்தச் செய்தி வந்த மறுநாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்கள். அந்த வீட்டுக்காரர் தம்மாமில்தான் வேலையில் இருந்தார். அவர் அந்த விமானத்தில் இல்லை.

எதிர்த்திசையில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து டெல்லிக்கு ஓர் இல்யூஷின் 76 வந்துகொண்டிருந்தது. கஜகஸ்தான் ஏர்லைன்ஸ் 1907. சரக்கு ஏற்றுவதற்கென்று செய்த விமானம். அன்றைக்கு 27 பயணிகளும் 10 பணியாளர்களும் இருந்தார்கள். போவதற்கும் வருவதற்கும் ஒரே வான்பாதை. டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தில் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்தது, பயணிகள் விமானங்களுக்கு விட்டது ஒரு சந்து. அந்தச் சந்தில் எதிரெதிரே வருகிறவர்களை உயரத்தால் மட்டுமே பிரிக்க முடியும்.

பிரிக்கத்தான் செய்தார் கன்ட்ரோலர் வி.கே. தத்தா. வருகிற கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, போகிற சவூதி விமானத்துக்கு 14,000 அடி. நடுவில் 1,000 அடி. நம்ம ஊர்க் கோயில் ராஜகோபுரம் 217 அடி. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கை வைத்து, அதற்கு மேல் பாதிக் கோபுரத்தை ஏற்றினால் வருகிற இடைவெளி. குறைவாகத் தெரியலாம், ஆனால் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு அதுதான். தத்தா அதில் எந்தத் தவறும் செய்யவில்லை.

சவூதி விமானி 14,000ஐ நெருங்கியதும் இன்னும் மேலே போக அனுமதி கேட்டார். "14,000லேயே இரு, மேலே போவதற்குக் காத்திரு" என்று பதில் வந்தது. அப்படியே இருப்பதாகத் திருப்பிச் சொன்னார். சொன்னபடி இருக்கவும் செய்தார். இந்தக் கதையில் சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அதே முடிவுதான்.

6.40 வாக்கில் கஜகஸ்தான் விமானத்திலிருந்து, 15,000க்கு வந்துவிட்டோம் என்று தகவல் வந்தது. தத்தா எதிரில் வருவதைப் பற்றி எச்சரித்தார். நேர் எதிரே ஒரு சவூதி போயிங் 747 வருகிறது, கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்றார். எத்தனை மைல் என்று கேள்வி வந்தது. 14 மைல் என்றார். பதில் இல்லை. மறுபடி 13 மைல், அது 14,000 அடியில் என்றார். எண்கள் எல்லாம் சரி. பேச்சும் சரி. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது.

ஆனால் "15,000க்கு வந்துவிட்டோம்" என்று வாய் சொன்னபோது விமானம் 15,000ல் இல்லை. அதைத் தாண்டிக் கீழே 14,500ல் இருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

இல்யூஷினின் பணியறை அமைப்பு தெரிந்தால்தான் இதற்கு மேல் புரியும். மேற்கத்திய விமானங்களில் ஓட்டுகிற இருவரில் ஒருவர் ரேடியோவில் பேசுவார். சோவியத் காலத்துப் பெரிய விமானங்களில் அதற்கென்றே தனியாக ஓர் ஆள், ரேடியோ ஆப்பரேட்டர். கமாண்டர் செரப்பானோவுக்கும் துணை விமானிக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த ஆப்பரேட்டர் எகோர் ரெப். தரையோடு இங்கிலீஷில் பேசுவது அவர் வேலை. கேட்டதை ரஷ்ய மொழியில் முன்னால் இருப்பவர்களுக்குச் சொல்வதும் அவர் வேலை. ஆனால் அவர் முன்னால் உயரங்காட்டும் கருவி இல்லை. விமானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். கருவி முன்னால் இருந்தவர்களோ, காதில் விழுந்த இங்கிலீஷைத் தாமாகத் தொடர்கிற நிலையில் இல்லை. முழுக்க அவரை நம்பியிருந்தார்கள்.

இங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. இங்கிலீஷ் தெரியாததால் விபத்து என்பது முழுப் பொய் இல்லை. விசாரணை அறிக்கையே விமானிகளின் இங்கிலீஷ் போதாமையைக் குறிப்பிட்டது. ஆனால் 15,000 என்ற எண் அந்த விமானத்துக்குள் சரியாகவே வந்து சேர்ந்தது. சரியாகவே திருப்பிச் சொல்லப்பட்டது. தரைக்கும் வானத்துக்கும் இடையில் அது தொலையவில்லை. ஓர் ஆளின் காதுக்கும் இன்னொரு ஆளின் கைக்கும் இடையிலிருந்த இரண்டு மூன்று அடி தூரத்தில் தொலைந்தது. ரீட்பேக் என்ற சடங்கு காதையும் வாயையும்தான் சோதிக்கிறது. கையைச் சோதிப்பதில்லை.

ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் சீசன் நேரத்தில் நின்று பாருங்கள். ரஷ்யாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் ஆட்டோக்காரரிடம் எங்கோ போக வேண்டும் என்பார். டீக்கடையில் நிற்கிற படித்த பையன் கேட்டு, "அண்ணே, அத்தியந்தல் தாண்டி ரெண்டாவது லெஃப்ட்டாம்" என்பான். அம்மாளுக்கு அவனே "ஓகே ஓகே" சொல்லி அனுப்புவான். அம்மாளுக்குத் திருப்தி. அவள் சொன்னது சரியாகத்தானே போய்ச் சேர்ந்தது? ஆனால் வழி தெரிந்த பையன் டீக்கடையில் நிற்கிறான், ஆட்டோ கிளம்பிவிட்டது. அத்தியந்தலில் அந்த அம்மாள் எங்கே இறங்குவாள் என்பது அந்தப் பையனின் இங்கிலீஷைப் பொறுத்ததா, சொல்லுங்கள்.

கடைசிச் சில நொடிகள் பதிவுப்பெட்டியிலிருந்து தெரியவந்தவை. தத்தாவின் எச்சரிக்கை காதில் விழுந்ததும், நமக்குக் கொடுத்த உயரம் எது என்ற பேச்சு அந்த அறைக்குள் எழுந்தது. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. "வந்துவிட்டோம்" என்று சொல்லி முடித்த பிறகு வருகிற கேள்வி அது. ரெப் அப்போதுதான் எட்டிப் பார்த்து, 15,000ல் இல்லை என்பதை உணர்ந்து, மேலே ஏறச் சொன்னார். கமாண்டர் விசையைக் கூட்டினார். விமானம் மூக்கை உயர்த்தியது. ஏறப் போன அந்த விமானத்தின் வால், சவூதி விமானத்தின் இடது இறக்கையை அறுத்தது. ஏறச் சொல்லாமல் விட்டிருந்தால் அடியில் நுழைந்து போயிருக்கும் என்று சொல்கிறார்கள். தப்பைத் தெரிந்துகொண்டு திருத்தப் போன கணம்தான் எமனாக வந்தது.

தத்தாவின் ரேடார் திரையில் இரண்டு புள்ளிகளும் மறைந்தன. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப்படைச் சரக்கு விமானத்தின் விமானி, ஒரு பெரிய மேகம் ஆரஞ்சு நிறத்தில் எரிவதுபோல் ஒளிர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். ஹரியானாவில் சர்க்கி தாத்ரி பக்கத்து வயல்களில் சிதறல்கள் விழுந்தன. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் இன்றுவரை உலகத்திலேயே பெரியது இதுதான். சவூதி விமானத்தின் பதிவுப்பெட்டி இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலும், கஜகஸ்தான் விமானத்தினுடையது மாஸ்கோவிலும் பிரித்துப் படிக்கப்பட்டன.

விசாரணையை நடத்தியவர் அப்போது டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லஹோட்டி. பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானவர். மேகத்துக்குள் குலுங்கியதால் உயரம் குறைந்துவிட்டது என்று கஜகஸ்தான் தரப்பில் சொன்னார்கள். மீட்டரிலும் கிலோமீட்டரிலும் பழகியவர்களுக்கு அடியும் கடல்மைலும் குழப்பியிருக்கும் என்பது இந்தியக் கட்டுப்பாட்டாளர்கள் தரப்பில் வந்த பேச்சு. 15,000 அடி என்பது 4,572 மீட்டர், 14,000 அடி என்பது 4,267 மீட்டர். பழக்கமில்லாத கண்ணுக்கு இந்த எண்கள் எந்தக் கதையும் சொல்லாது. (எங்கள் மலையின் உயரத்தை ஊரில் கேட்டால் 2,668 அடி என்று சட்டென்று வரும். 814 மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், வேறு ஏதோ மலை என்று நினைப்பார்கள்.) குலுக்கலோ குழப்பமோ, அனுமதித்த உயரத்துக்குக் கீழே கஜகஸ்தான் விமானம் இறங்கியதே காரணம் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த இரவில் டெல்லியில் இருந்த ரேடாரைப் பற்றிப் பேசாமல் விமானியை மட்டும் பேசுவது நியாயமில்லை. அந்தப் பழைய ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரம் தெரிய விமானமே பதில் அனுப்புகிற இரண்டாம் வகை ரேடார் வேண்டும். டெல்லியில் நவீனமாக்கும் வேலை அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது, முடிந்திருக்கவில்லை. அதாவது தத்தா கேட்டது "15,000" என்ற ஒரு சொல்லை. அதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியே கிடையாது. சொல்லை நம்பி, ஒற்றைச் சந்தில் இரண்டு பேரை எதிரெதிரே விட்டோம். எதிரில் வருவதைத் தானே கண்டுபிடித்துக் கத்துகிற டி-காஸ் கருவி அப்போது அமெரிக்காவில் கட்டாயமாகிவிட்டது, இங்கே ஆகவில்லை. இப்படி ஒவ்வொரு தடுப்பும் இல்லாமல் போன பிறகு மிச்சமிருந்தது அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கிற ஓர் ஆளின் கழுத்து.

இங்கிலீஷ் மட்டும்தான் பிரச்சினை என்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1989 பிப்ரவரி 19. ஃப்ளையிங் டைகர் என்ற அமெரிக்கச் சரக்கு நிறுவனத்தின் போயிங் 747, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்துக்குப் போகிறது. ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள். இங்கிலீஷ் தாய்மொழி. கன்ட்ரோலர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார். ஆனால் எண்ணை "டூ ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று உதிர்த்துச் சொன்னார். முதலில் வந்த "டூ" எண்ணா, "வரை" என்று பொருள்படும் சொல்லா? விமானிகளின் காது இரண்டாவதாக எடுத்துக்கொண்டது. 400 அடி வரை இறங்கலாம் என்று கொண்டு, "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ" என்று திருப்பிச் சொன்னார்கள். தப்பு அப்பட்டமாக ரேடியோவில் ஒலித்தது. கன்ட்ரோலர் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. பூச்சோங் பக்கத்துக் குன்றில் மோதினார்கள், நான்கு பேரும் இறந்தார்கள். கொடுத்த 2,400 அடியே எங்கள் அண்ணாமலையின் உச்சிக்குக் கீழேதான். 400 அடி என்பது இரண்டு ராஜகோபுர உயரம்கூட வராது. ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் இது என்ன உயரம் என்று தோன்றியிருக்கும். யோசிக்கத் தோன்றாது என்கிறார் சார். "இறங்கற அவசரத்துல இருக்கறவனுக்கு, இறங்கச் சொல்ற எண் எதுவா இருந்தாலும் நியாயமாத்தான் படும்."

எதிர்பார்ப்பு காதைக் கெடுத்ததற்குப் பெரிய சாட்சி டெனரிஃப். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் ஒன்று. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் எல்லா விமானங்களையும் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். மூடுபனி. கே.எல்.எம். போயிங் 747 ஓடுதள முனையில் நிற்கிறது. பான் ஆம் 747 அதே ஓடுதளத்தில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கே.எல்.எம்.முக்குக் கிடைத்தது, மேலெழுந்த பின் எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான அனுமதி. மேலெழுவதற்கான அனுமதி அல்ல. பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்த கமாண்டர், அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், கிளம்பிவிட்டார். துணை விமானி அனுமதியைத் திருப்பிச் சொல்லும்போது, இதோ எழுகிற நிலையில் இருக்கிறோம் என்று அரைகுறையாக ஒரு வாக்கியம் சேர்த்தார். கன்ட்ரோலர் "ஓகே" என்றார். அதோடு நிறுத்தவில்லை. மேலெழக் காத்திரு, நானே கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார். அதே நேரம் பான் ஆம்காரர், நாங்கள் இன்னும் ஓடுதளத்தில்தான் இருக்கிறோம் என்று பதறிப் பேசினார். முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் கீச்சொலி. கே.எல்.எம். அறையில் தெளிவாக விழுந்தது அந்த "ஓகே" ஒன்றுதான். பின்னால் இருந்த பொறியாளர் மட்டும், அவன் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டான் என்று அடித்துச் சொன்னார் கமாண்டர். 583 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகுதான் ஒரு விதி வந்தது. "டேக்-ஆஃப்" என்ற சொல்லை அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ மட்டுமே உச்சரிக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்". சின்ன விதியாகத் தெரியும். ஆனால் காத்துக்கிடக்கிற மனுஷன் காதில் விழக்கூடாத ஒரு சொல்லை வாயிலேயே வராமல் வைக்கிற விதி. எனக்கு இந்த மாதிரி விதிகள் மேல் பெரிய மரியாதை உண்டு. கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற சுற்றறிக்கைகளைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சர்க்கி தாத்ரிக்குப் பிறகும் அந்த வகை மாற்றங்கள் வந்தன. டெல்லியில் போவதற்கும் வருவதற்கும் வான்பாதைகளைப் பிரித்தார்கள். உயரம் காட்டும் ரேடார் வந்தது. இந்தியாவுக்குள் வருகிற விமானங்களுக்கு டி-காஸ் கட்டாயமானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1998ல் மொழிப் பிரச்சினையைக் கையிலெடுத்து, 2003ல் விதியாக்கியது. விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் இங்கிலீஷில் ஆறு படிகள், குறைந்தது நான்காம் படி வேண்டும் என்று 2008லிருந்து நடைமுறை. தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் கிடைத்தது. அந்தத் தேர்வில் இலக்கணத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. எதிர்பாராதது நடந்தால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். ஆக, அண்ணனின் வாட்ஸ்அப்பில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதை மறுபடியும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு ரேடாரையும் அந்த ஒற்றை வான்பாதையையும் விட்டுவிடுகிறார். ரேடார் வாங்கக் காசு அரசாங்கம் போட வேண்டும், இங்கிலீஷ் மீடியத்துக்குக் காசு நாம் போட வேண்டும். எது பேசச் சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

டி-காஸ் வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் நெருங்கின. ரஷ்ய விமானத்தின் கருவி "ஏறு" என்றது. சுவிட்சர்லாந்திலிருந்து பேசிய கன்ட்ரோலர் "இறங்கு" என்றார். இன்னொரு விமானத்தின் கருவியும் "இறங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ரஷ்ய விமானி மனுஷக் குரலைக் கேட்டார். இரண்டும் சேர்ந்து இறங்கி மோதின. 71 பேர், அவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா போன பிள்ளைகள். அன்று தனி ஆளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கன்ட்ரோலரை, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் 2004ல் அவர் வீட்டு வாசலிலேயே குத்திக் கொன்றார். இந்த வரிக்குப் பிறகு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விதி மட்டும் தெளிவானது: கருவி ஒன்று சொல்லி, கன்ட்ரோலர் வேறு சொன்னால், கருவி சொன்னபடி செய்.

இப்போது மலைக்கு மேலே போகிற விமானங்களுக்கு நடுவிலும் அதே 1,000 அடிதான். 29,000 அடிக்கு மேலே முன்பெல்லாம் 2,000 அடி விடுவார்கள். 2003 நவம்பரிலிருந்து அங்கேயும் ஆயிரமாகக் குறைத்துவிட்டார்கள். கருவிகள் துல்லியமாகிவிட்டன, நெரிசலும் கூடிவிட்டது. கடலுக்கு மேலே தொலைவில் பறக்கும்போது கிளியரன்ஸை எழுத்தில் அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. திரையில் படித்து, பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்வார்கள். கீச்சொலி கிடையாது, "டூ" குழப்பம் கிடையாது. விமான நிலையத்தை நெருங்கும்போது நொடிக்கு நொடி மாறுகிற வேலை என்பதால் இன்னும் வாய்தான், காதுதான்.

போன வாரம் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "சார், யாராவது எண்ணைத் திருப்பிச் சொல்லாம ராஜர்னு மட்டும் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"விடவே மாட்டேன் தம்பி. எண்ணைச் சொல்லும்பேன். மூணு வாட்டி கேக்கணும்னாலும் கேப்பேன். மேல இருக்கறவன் எரிச்சல்படுவான். படட்டுமே, அவன் என்ன இறங்கி வந்து அடிக்கவா போறான்?"

"தப்பா சொன்னா?"

"தப்பா சொல்றவன் பிரச்சினையே இல்ல. காதுல விழுந்ததும் திருத்திடலாம். சரியா சொல்லிட்டு வேற உயரத்துக்குப் போறவன்தான். அவனை வாய வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. திரையில அவன் பேருக்குக் கீழ உயரம் ஓடும், நான் சொன்ன இடத்துல நிக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நிக்காம நூறு எறநூறு தாண்டுச்சுன்னா உடனே மைக்கைப் பிடிச்சுடுவேன்." கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "தத்தாவுக்கு அந்த எண் திரையில கெடையாதுல்ல" என்றார்.